பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய ஹார்டு டிஸ்க்: வாங்கும் முன்பு கவனிக்க வேண்டியவை

பல வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒரு நாள் திணறத் தொடங்கும். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் திரையில் படம் தெரியும். ஒரு கடிதத்தைத் திறக்க ஐந்து நிமிடம் ஆகும். உடனே, "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்று நாலு பேர் சொல்வார்கள்.

ஆனால், பல சமயம் கெட்டுப்போவது பெட்டி முழுவதும் அல்ல. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் மட்டும்தான். அதை மாற்றினால் பெட்டி இன்னும் சில வருடம் ஓடும். செலவும் குறைவு. மும்பை, பெங்களூர், டெல்லி என்று பிழைக்க வந்த ஊரில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தமிழர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிய டிஸ்க்கைப் பழைய பெட்டியில் மாட்டினால் திருகு பொருந்தும். வயரும் பொருந்தும். ஆனாலும், பெட்டி அந்த டிஸ்க்கைப் பார்க்காமல் போகலாம். பாதியை மட்டும் பார்க்கலாம். எல்லாம் சரியாக நடப்பது போல் இருந்து, சில வாரம் கழித்து, எழுதி வைத்ததை எல்லாம் அது அழித்தும் விடலாம்.

இது ஏன் நடக்கிறது? வாங்கும் முன்பு எதைப் பார்க்க வேண்டும்?

தாராவியில் ஒரு டைப்பிங் கடை

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. நெல்லைச் சீமையில் இருந்து வந்தவர் அதை நடத்துகிறார். ரேஷன் கார்டு மனு, வீட்டு வாடகைப் பத்திரம், ஊர்ச் சங்க நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பார். கடையில் இருப்பது 2007-ல் வாங்கிய கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்.பி. அதில் 80 ஜி.பி. டிஸ்க்.

ஒரு நாள் பெட்டிக்குள் இருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தது. மெக்கானிக் வந்து காது கொடுத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, பெட்டிய மாத்திருங்க. இதுக்கு மேல இது தாங்காது."

"பெட்டி போனா போவுது தம்பி. உள்ள கிடக்கதுக்கு என்ன வழி? பதினஞ்சு வருசத்து வேலையில்லா கிடக்கு."

கடைக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. பெட்டி கடையில் கிடைக்கும். டிஸ்க்கும் கடையில் கிடைக்கும். அதில் எழுதி வைத்தது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே, டிஸ்க் மாற்றும் வேலையில் முதல் படி புதிய டிஸ்க் வாங்குவது அல்ல. பழைய டிஸ்க்கில் உள்ளதைக் காப்பாற்றுவதுதான்.

சத்தம் வந்தால் நிறுத்துங்கள்

ஹார்டு டிஸ்க் என்பது மூடிய பெட்டிக்குள் சுழலும் தட்டு. பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் அது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். அதாவது, ஒரு வினாடிக்கு 120 சுற்று. அந்தத் தட்டின் மேல் படிக்கும் முனை ஒன்று மிதந்துகொண்டே இருக்கும். தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, தலைமுடித் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு.

முனை தட்டில் உரசினால் அந்த இடத்தில் எழுதியிருந்தது போயிற்று. "டக், டக்" என்ற சத்தம், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்வதன் அடையாளம். அந்த நிலையில் கம்ப்யூட்டரை விட்டு விட்டுப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. ஒவ்வொரு தடவையும் சேதம் கூடலாம்.

தட்டிப் பார்ப்பது, குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பது போன்ற கை வைத்தியங்கள் வேண்டாம். வீட்டில் திறந்து பார்ப்பதும் கூடாது. ஒரு தூசி உள்ளே போனாலே அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் நன்றாக உள்ள வேறு கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். மிக முக்கியமான கோப்புகளை முதலில் எடுக்க வேண்டும். சினிமாவும் பாட்டும் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம். டிஸ்க் அடியோடு சுழலவில்லை என்றால், டேட்டா மீட்பதற்கென்றே உள்ள நிபுணர்களிடம்தான் போக வேண்டும். அந்தச் செலவு, புதிய டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம்.

தாராவி கடையில் அப்படித்தான் செய்தார்கள். பெரும்பாலான கோப்புகள் வந்துவிட்டன. ஊர்ச் சங்கத்து உறுப்பினர் பட்டியல் மட்டும் திறக்கவில்லை. நல்ல வேளையாக, அதன் காகிதப் பிரதி சங்கத்துப் பீரோவில் இருந்தது. அதைப் பார்த்து மறுபடியும் அடித்தார்கள்.

ஒரு டன் எடையில் இருந்து உள்ளங்கைக்கு

முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் வெளியிட்டது. 24 அங்குலத் தட்டுகள் 50 அதில் இருந்தன. எடை ஒரு டன். இத்தனை இருந்தும் அதில் பிடித்தது 50 லட்சம் எழுத்துகள்தான்.

1980-ல் சீகேட் கம்பெனி 5¼ அங்குல டிஸ்க்கைக் கொண்டு வந்தது. அதிலும் அதே 5 எம்.பி.தான். ஆனால், அது மேஜை மேல் வைக்கும் கம்ப்யூட்டருக்குள் அடங்கியது. இன்று 1 டி.பி. டிஸ்க் உள்ளங்கையில் அடங்குகிறது. 1956-ல் வந்ததைப் போல 2 லட்சம் மடங்கு பிடிக்கும்.

டிஸ்க் வளர்ந்த வேகத்தில் பெட்டி வளரவில்லை. சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

மூன்று கட்டம் உள்ள படிவம்

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு படிவத்தில் வரிசை எண் எழுத மூன்று கட்டம்தான் இருக்கிறது. 999 வரை எழுதலாம். ஆயிரமாவது ஆள் வந்தால் எங்கே எழுதுவது? முதல் கட்டத்துக்கு வெளியே 1 போய்விட்டால், கட்டங்களுக்குள் மிஞ்சுவது 000. ஆயிரமாவது ஆளுடைய காகிதம், 000 என்ற பழைய கோப்பின் மேல் போய் உட்கார்ந்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதைதான். டிஸ்க்கின் இடம், 512 எழுத்து பிடிக்கும் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைச் சொல்லித்தான் பெட்டி டிஸ்க்கிடம் கேட்கும். நம்பர் எழுதப் பெட்டியில் எத்தனை கட்டம் இருக்கிறதோ, அத்தனை அறையைத்தான் அதனால் கேட்க முடியும்.

முன்பு 28 கட்டம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 எழுதலாம். அப்படி எழுதினால் மொத்தம் 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456 நம்பர்கள் கிடைக்கும். அதை 512-ஆல் பெருக்கினால் வருவது சுமார் 137 ஜி.பி. இதுதான் பிரபலமான "137 ஜி.பி. சுவர்".

இந்தச் சுவரைத் தாண்ட 48 கட்டம் உள்ள புதிய முறை 2002-ல் தர விதியாக வந்தது. 2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முதல் பதிப்புக்கு அது தெரியாது. 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கைப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

பெட்டிக்கும் விண்டோசுக்கும் இரண்டுக்குமே 48 கட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரிந்து மற்றதற்குத் தெரியாவிட்டால், 137 ஜி.பி.யைத் தாண்டும் நாளில் புதிய கோப்பு பழைய கோப்பின் மேல் எழுதப்படலாம். அன்று வரை எந்த எச்சரிக்கையும் வராது.

எந்த வருடப் பெட்டி, எவ்வளவு பிடிக்கும்?

இந்த மாதிரி சுவர்கள் பல உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்றாலும், பொதுவான கணக்கு இதுதான்.

1994-க்கு முந்திய பெட்டிகளில் 528 எம்.பி. சுவர் இருந்தது. 1998-க்கு முந்திய பலவற்றில் 8.4 ஜி.பி. 1999 வாக்கில் வந்த சிலவற்றில் 33.8 ஜி.பி. அதற்கு மேற்பட்ட டிஸ்க்கை மாட்டினால் அந்தப் பெட்டிகள் அப்படியே நின்றுவிடும். 2002, 2003 வரை வந்தவற்றில் 137 ஜி.பி.

அதற்குப் பின் வந்த பெட்டிகளுக்கு அடுத்த சுவர் 2.2 டி.பி. இது டிஸ்க்கைப் பாகம் பிரித்து எழுதி வைக்கும் பழைய பதிவேட்டால் வருவது. எம்.பி.ஆர். என்பது அதன் பெயர். 1983-ல் வந்த முறை அது. அதில் நம்பருக்கு 32 கட்டம்தான். ஜி.பி.டி. என்ற புதிய பதிவேட்டில் இந்தத் தடை இல்லை. ஆனால், பழைய பயாஸ் உள்ள பெட்டியில் ஜி.பி.டி. டிஸ்க்கில் இருந்து விண்டோஸ் கிளம்பாது. சாதாரண விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஜி.பி.டி.யைப் படிக்கவே தெரியாது.

ஆகவே, பழைய பெட்டிக்கு 4 டி.பி., 6 டி.பி. என்று ஆசைப்பட வேண்டாம். 2003-க்குப் பின் வந்த பெட்டி என்றால் 1 டி.பி. அல்லது 2 டி.பி. போதும். அதற்கு முந்தியது என்றால் 120 ஜி.பி.க்குள் இருப்பதே பத்திரம்.

வாயைப் பாருங்கள்

அடுத்தது இணைப்பு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பழைய டிஸ்க்கின் பின்புறத்தைப் பார்த்தால் தெரியும்.

இரண்டு அங்குல அகலத்தில் நாடா போன்ற பட்டை வயர் போனால் அது ஐ.டி.இ. டிஸ்க். அதில் 40 முள் இருக்கும். ஒரே பட்டையில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். அப்போது ஒன்றை "மாஸ்டர்", மற்றதை "ஸ்லேவ்" என்று பின்புறத்து ஜம்பரால் குறிக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டர் ஆக்கினால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

விரல் அகலத்துக்கும் குறைவான மெல்லிய வயர் போனால் அது சாட்டா. 2003-ல் இருந்து புழக்கத்துக்கு வந்தது. ஒரு வயருக்கு ஒரு டிஸ்க்தான். ஜம்பர் தொல்லை இல்லை. 2004 முதல் சில வருடங்கள் வந்த பெட்டிகளில் இரண்டு வாயும் இருக்கும். பழைய டிஸ்க் ஐ.டி.இ. ஆக இருந்தாலும், மதர்போர்டில் சாட்டா வாய் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிய சாட்டா டிஸ்க்கே மாட்டிக் கொள்ளலாம்.

சாட்டா வேகத்தில் மூன்று தலைமுறை உண்டு. புதியது பழையதோடு ஒத்துப்போகும் என்பது விதி. ஆனால், முதல் தலைமுறை மதர்போர்டுகள் சிலவற்றுக்குப் புதிய டிஸ்க்கோடு பேசத் தெரியாது. அதற்காகவே முன்பு வந்த 3½ அங்குல டிஸ்க்குகள் சிலவற்றில் வேகத்தைக் குறைக்க ஒரு ஜம்பர் வைத்திருந்தார்கள். ஆகவே, "வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்று முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

மின்சார இணைப்பும் மாறுபடும். பழைய பெட்டியில் நாலு முள் பிளக்தான் இருக்கும். சாட்டாவுக்கு மாற்ற அடாப்டர் வேண்டும். முனை முழுவதும் உருக்கி வார்த்த மலிவு அடாப்டர்களில், உள்ளே வயர்கள் ஒன்றோடு ஒன்று பட்டுத் தீப்பிடித்தது உண்டு. வயரைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய அடாப்டரே நல்லது. இதில் பத்து, இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தட்டா, சிப்பா?

இப்போது எஸ்.எஸ்.டி. என்று ஒன்று எங்கும் விற்கிறது. அதில் சுழலும் தட்டு இல்லை. எல்லாம் சிப். பழைய பெட்டிக்கு இது நல்ல மருந்து.

காரணம் இதுதான். சுழலும் டிஸ்க்கில் ஒரு கோப்பைத் தேட முனை நகர வேண்டும். தட்டு சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் வினாடியில் நூறில் ஒரு பங்கு போய்விடும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. டீ குடிக்கும் நேரம் அங்கேதான் போகிறது. எஸ்.எஸ்.டி.யில் தேடும் நேரம் அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். பழைய மதர்போர்டு அதன் முழு வேகத்தைத் தராவிட்டாலும், தேடும் நேரம் குறைவதே கண்ணுக்குத் தெரியும்.

ஆனால், விண்டோஸ் எக்ஸ்.பி.யிலேயே தொடர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் யோசிக்க வேண்டும். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் வசதி விண்டோஸ் 7-ல் இருந்துதான் வந்தது. எக்ஸ்.பி.யில் போட்டால், கால் பங்கு இடத்தைக் காலியாக விட்டு வைப்பது நல்லது.

எஸ்.எஸ்.டி. 2½ அங்குலம். மேஜைக் கம்ப்யூட்டரின் அறை 3½ அங்குலம். நடுவில் ஒரு தகட்டு பிராக்கெட் வேண்டும். திருகிலும் வித்தியாசம் உண்டு. பெரிய டிஸ்க்குக்குப் பரும் மரை. எஸ்.எஸ்.டி.க்கு நெருக்கமான மெல்லிய மரை. மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

கடைவீதியில் கவனம்

மும்பையில் இதற்கெல்லாம் லேமிங்டன் ரோடுதான். தாராவிக்காரர்கள் மாகிம் ஸ்டேஷனில் சர்ச்கேட் ஸ்லோ ரெயில் ஏறினால் கிராண்ட் ரோட்டில் இறங்கலாம். கிழக்குப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த ரோடு வந்துவிடும். பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயரால் வந்த ரோடு அது. இப்போது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். பெங்களூரில் எஸ்.பி. ரோடு. டெல்லியில் நேரு பிளேஸ். சென்னைக்கு ஊருக்குப் போகும்போது வாங்குவதானால் ரிச்சி தெரு.

இங்கெல்லாம் பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதியது போல் விற்பவர்களும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஆரோக்கியக் குறிப்பைத் தானே எழுதி வைக்கும். "ஸ்மார்ட்" என்று அதற்குப் பெயர். அதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இருக்கும். புதிய டிஸ்க் என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புதியது அல்ல. கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1 டி.பி. என்று வாங்கி மாட்டினால் கம்ப்யூட்டர் 931 ஜி.பி. என்று காட்டும். 500-க்கு 465 காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. இரண்டும் ஒரே அளவுதான். கஜத்துக்கும் மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

மாட்டுவது எப்படி?

முதலில் சுவிட்சை அணைத்து, சுவரில் இருந்து பிளக்கை உருவுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பக்கத் தகட்டைக் கழற்றியதும், பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுக்காமல் இருக்க இது வேண்டும். வயர் எல்லாம் எங்கே போகிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள்.

டிஸ்க்கை அறையில் தள்ளி, இரு பக்கமும் திருகுங்கள். ஆடாமல் இருக்க வேண்டும். மெல்லிய வயரை மதர்போர்டில் மாட்டி, பிறகு மின்சார வயரை மாட்டுங்கள். சாட்டா பிளக்கில் ஓரம் "ட" மாதிரி வளைந்திருக்கும். ஒரு பக்கம்தான் போகும். போகவில்லை என்றால் திருப்புங்கள். அழுத்த வேண்டாம்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் பயாசுக்குள் போய், புதிய டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். 1 டி.பி. டிஸ்க்குக்கு 137 என்று வந்தால் அதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். அந்தப் பெட்டி அந்த டிஸ்க்குக்கு ஏற்றது அல்ல.

பயாசில் "ஐ.டி.இ.", "ஏ.எச்.சி.ஐ." என்று இரண்டு முறை இருக்கும். பழைய விண்டோஸ் எந்த முறையில் போட்டதோ அதையே வைத்திருங்கள். மாற்றினால் நீலத் திரை வந்து நின்றுவிடும்.

பெட்டி பத்து வருடம் ஆனது என்றால், மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சி.ஆர். 2032 என்பது அதன் நம்பர். அது தீர்ந்திருந்தால், கரண்டு போகும்போதெல்லாம் பயாஸ் தன் அமைப்பை மறந்துவிடும். டிஸ்க் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் கிளம்பாது. பழி டிஸ்க் மேல் விழும்.

எது பழசு, எது புதுசு?

பழைய டிஸ்க் இன்னும் நன்றாக ஓடுகிறது என்றால், அதை அப்படியே புதியதில் பிரதி எடுக்கலாம். இதைக் "குளோனிங்" என்பார்கள். இந்த வேலையில் பெரிய ஆபத்து ஒன்றுதான். மென்பொருள், "எதில் இருந்து எதற்கு?" என்று கேட்கும். மாற்றிச் சொல்லிவிட்டால், காலியான புதிய டிஸ்க் நிறைந்திருக்கும் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவாக இல்லாமல் இருந்தால் அடையாளம் சுலபம். கம்பெனி பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

எக்ஸ்.பி. வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2011 வாக்கில் இருந்து வரும் டிஸ்க்குகளில், உள்ளுக்குள் அறையின் அளவு 512 அல்ல, 4,096. எக்ஸ்.பி. தன் பாகத்தை 63-ஆம் அறையில் தொடங்கும். அதனால், ஒவ்வொரு எழுத்து வேலையும் இரண்டு பெரிய அறைகளின் நடுவில் போய் விழும். டிஸ்க் புதியதாக இருந்தும் எழுதுவது மெதுவாகும். புதிய டிஸ்க்கை விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்திய கம்ப்யூட்டரில் வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டு, பிறகு பழைய பெட்டிக்குக் கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. தாராவி கடையில் 1 டி.பி. டிஸ்க்கை அப்படித்தான் போட்டார்கள்.

தமிழ் எழுத்து காணாமல் போனால்

தமிழில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு, தமிழுக்குப் பல எழுத்து முறைகள் இருந்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டேப், டேம் முறைகள் வந்தன. டிஸ்கி என்று இன்னொன்று. அச்சகங்கள் தங்கள் தங்கள் எழுத்துருக்களையே வைத்திருந்தன.

அந்தக் காலத்துக் கோப்பை மட்டும் புதிய டிஸ்க்குக்கு மாற்றினால், திறந்தவுடன் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக வரும். கோப்பு கெடவில்லை. எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆகவே, "பான்ட்ஸ்" என்ற உறையையும், தட்டச்சு மென்பொருளையும் சேர்த்தே பிரதி எடுக்க வேண்டும். முடிந்தால் முக்கியக் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வேண்டாம்?

டிஸ்க் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. மைக்ரோசாப்ட் பாதுகாப்பு உதவியை எக்ஸ்.பி.க்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. எக்ஸ்.பி. பெட்டியில் டைப்பிங், அச்சு வேலை செய்யலாம். இன்டர்நெட் வயரை மாட்டி, பேங்க் கணக்கைத் திறக்கக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு வழி.

ரேம் 1 ஜி.பி.க்கும் குறைவு, மதர்போர்டில் கன்டென்சர்கள் உப்பியிருக்கின்றன, பவர் சப்ளையில் கருகிய வாடை வருகிறது என்றால், அந்தப் பெட்டிக்குப் பணம் போட வேண்டாம். அந்தப் பணத்தில், உள்ளதைப் பிரதி எடுக்க வெளி டிஸ்க் ஒன்று வாங்குங்கள்.

பழையதை அவசரப்பட்டுப் போடாதீர்கள்

புதிய டிஸ்க் ஓடத் தொடங்கியதும், பழையதை உடனே தூக்கிப் போடக் கூடாது. அதில் எதையும் அழிக்கவும் கூடாது. தேதி எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது பத்திரமாக வையுங்கள். புதிய டிஸ்க்கிலும் முதல் சில வாரங்களில் கோளாறு வருவது உண்டு. எதை விட்டுவிட்டோம் என்பதும் அந்த ஒரு மாதத்தில்தான் தெரியவரும்.

அதன் பிறகு பங்கார்காரரிடம் போடும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. கோப்பை அழித்தால் பட்டியலில் இருந்துதான் பெயர் போகும். உள்ளே எழுதியது அப்படியே இருக்கும். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ் புத்தகம் என்று எத்தனை பேருடைய பிரதி ஒரு டைப்பிங் கடை டிஸ்க்கில் இருக்கும்! விண்டோஸ் 7-ல் மாட்டி, "குயிக்" என்ற குறியை எடுத்துவிட்டு முழு பார்மட் செய்தால், டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். பல மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

ஓடாத டிஸ்க் என்றால், உள்ளே உள்ள தட்டு உடையும்படி துளை போட வேண்டும். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, சிதறும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக் கொள்ளுங்கள்.

தாராவி 13-ஆம் காம்பவுண்டுக்கு நாட்டின் பல பக்கங்களில் இருந்து பழைய சாமான் வருகிறது. இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே மறுபிறவி எடுக்கிறது. டிஸ்க்கின் அலுமினியமும் அப்படிப் போகட்டும். அதில் இருந்த வாடிக்கையாளர்களின் பெயரும் விலாசமும் அதோடு போய்விடக் கூடாது.